திருகோணமலையில் கழகத்துக்கு அனுசரணை தேடுவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்ற செயலாளர்களுக்கு

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்தி உங்களைக் கழகச் செயலாளராக்கிவிட்டார்கள். அடுத்த கிழமையே யாராவது கேட்பார்கள்: "இந்த முறை சுற்றுப்போட்டிக்கு யார் அனுசரணை?" அந்தக் கேள்வியோடு முதன்முதலாகக் கடைவாசல் ஏறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்காக ஒன்பது வருடம் டொக்யார்ட் வீதியிலிருந்து நிலாவெளி வரை ஏறி இறங்கியதில் நான் கற்றுக்கொண்டவை இவை. கிரிக்கெட், கரப்பந்து, எல்லே, எந்தக் கழகமானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அனுசரணை நன்கொடை அல்ல. கோயில் திருவிழாவுக்குத் தருகிறவர் புண்ணியத்துக்குத் தருகிறார், கணக்குப் பார்க்கமாட்டார். அனுசரணை தருகிறவர் ஒரு பொருளை வாங்குகிறார். மைதானத்தைச் சுற்றி நிற்கும் சனத்தின் பார்வையும், அந்தச் சனம் தங்கள் அணி மேல் வைத்திருக்கும் பாசமும்தான் அந்தப் பொருள். இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் கெஞ்சத் தேவையில்லை. விற்றதைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்பும் கூடவே வந்துவிடும்.

ஜேர்சியில் பெயர் போடும் பழக்கம் பெரிய கழகங்களோடு மட்டும் வளர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் அதை முதலில் செய்த கழகம் கெட்டரிங் டவுண் என்ற சிற்றூர்க் கழகம். 1976 ஜனவரியில் உள்ளூர் டயர் கம்பனியின் பெயரை, "கெட்டரிங் டயர்ஸ்" என்று, நெஞ்சில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் எடுக்கச் சொன்னது. எழுத்துகளை அழித்து "கெட்டரிங் டி" என்று மட்டும் விட்டார்கள். டி என்றால் டவுண் என்று வாதாடினார்கள். தண்டப் பணம் விதிப்போம் என்று சங்கம் மிரட்டிய பிறகுதான் அதையும் எடுத்தார்கள். அடுத்த வருடமே சங்கம் இறங்கி வந்து ஜேர்சி விளம்பரத்தை அனுமதித்தது. ஒரு டயர் கம்பனியும் ஒரு சின்னக் கழகமும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. நம் ஊரிலும் டயர்க் கடைகள் இருக்கின்றன.

செலவைப் போடுங்கள், அப்புறம் விலையைப் போடுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன் பொருளாளரோடு ஒரு மாலை உட்காருங்கள். மைதானக் கட்டணம், நடுவர்கள், பந்து, கிண்ணங்கள், பதக்கங்கள், ஒலிபெருக்கி, தண்ணீர், முதலுதவி, ஜேர்சி, பெனர், விருந்தினர் தேநீர் வரை எழுதுங்கள். விலையை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அச்சகத்திலும் கிண்ணக் கடையிலும் விலைக்குறிப்பு வாங்குங்கள். விலைக்குறிப்பு கையில் இருக்கும் செயலாளரை முதலாளிமார் வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு மொத்தச் செலவு 360,000 ரூபாய் என்று வைப்போம். அதைக் கூறு போடுங்கள். கிண்ணத்தின் பெயர் உரிமைக்கு 150,000. ஜேர்சிக்கு 80,000. மைதானத்தைச் சுற்றி ஆறு பெனர் இடங்கள், ஒன்று 10,000 வீதம் 60,000. தண்ணீர், சாப்பாடு, அச்சு வேலை என்று பொருளாக வரக்கூடியது 40,000. அணிகளின் நுழைவுக் கட்டணம் 30,000. கூட்டினால் கணக்கு நேராகும். இப்படிப் பிரித்துக் காட்டினால், பெரிய கடைக்காரரும் சின்னக் கடைக்காரரும் தங்கள் கைக்கு எட்டிய இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். "உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த வசனம் உங்களை மறுபடி நன்கொடை வரிசையில் நிறுத்திவிடும்.

பொருளாக வருவதைக் குறைவாக எண்ண வேண்டாம். இறுதிப் போட்டி நாளுக்குத் தண்ணீர்ப் போத்தல் தருகிற கடை, வெளியூர் நடுவர்களுக்கு இரண்டு அறை தருகிற ஹோட்டல், ஜேர்சியை அடக்க விலைக்கு அச்சடிக்கும் இளைஞர், இவர்கள் எல்லாரும் அனுசரணையாளர்களே. கடை விலையில் அதன் பெறுமதியைக் கணக்கில் எழுதி, காசு தந்தவருக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அவர்களுக்கும் கொடுங்கள்.

கிண்ணத்தின் பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் உரிமையை விற்பது ஐபிஎல் கண்டுபிடித்த வித்தை அல்ல. அங்கே 2008 இல் டிஎல்எஃப் நிறுவனம் ஐந்து வருடத்துக்கு 200 கோடி இந்திய ரூபாய் கொடுத்தது. 2024 தொடக்கம் 2028 வரை டாட்டா கொடுப்பது 2,500 கோடி. நாமோ அதற்கு வெகுகாலம் முன்பே "ஞாபகார்த்தக் கிண்ணம்" வைத்திருந்தோம். லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் பழைய விளையாட்டு வீரர் ஒருவர், மறைந்த தந்தையின் பெயரில் கிண்ணமும் முதற்பரிசும் தருவார். அது வியாபாரம் இல்லை, பாசம். அதனால் அதை விலைக்கு வைக்காதீர்கள். ஞாபகார்த்தப் பெயர் கிண்ணத்தில் இருக்கட்டும். கடையின் பெயர் "அனுசரணையில்" என்று அதன் கீழே வரட்டும். கடைக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு இரண்டு தரப்பும் முகம் சுருக்கினால் சமாதானம் செய்வது பெரும்பாடு.

யாரிடம், எப்போது

ஒரு தாளில் ஊரை வரையுங்கள். மைதானத்துக்கு வருகிறவன் எங்கே பொருள் வாங்குகிறான்? தொலைபேசிக் கடை, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை, புடைவைக் கடை, கொத்துரொட்டிக் கடை, தனியார் கல்வி நிலையம், வாகனம் ஓட்டப் பழக்கும் இடம். இவர்களின் வாடிக்கையாளர்கள்தான் உங்கள் பார்வையாளர்கள். ஆகவே முதலில் இவர்களிடம் போங்கள்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் பருவம் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. புறாமலைக்குப் படகு ஓட்டுகிறவர்களுக்கும் அதே மாதங்கள்தான். நவம்பர், டிசம்பர் மழையில் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும்போது போய்க் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், அது அவர்கள் குற்றம் இல்லை. பருவம் தொடங்கிக் கையில் காசு புழங்கும்போது போங்கள். அவர்களிடம் உள்ளூர்ச் சனத்தைக் காட்டி விற்க முடியாது. உல்லாசப் பயணிகள் பார்க்கும் முகநூல் பக்கத்தில் அவர்கள் பெயரோடு படங்கள் வரும் என்பதைக் காட்டி விற்கலாம்.

சீனக்குடாவில் பிறிமா மா ஆலை இருக்கிறது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. எண்ணெய்க் குதங்களோடு லங்கா ஐஓசி இருக்கிறது. இவ்வளவு பெரிய இடங்களிடம் பத்தாயிரம் ரூபாய் பெனர் கேட்டுப் போகாதீர்கள். மைதானத்தில் நிற்பவன் நாளைக்கே சீமெந்துக் கப்பல் வாங்கப் போவதில்லை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு அயலூரோடு நல்லுறவுதான் தேவை என்பது என் கணிப்பு. அங்கே சிறுவர் பயிற்சி முகாம், மைதானத்துக்கு நிழல் கொட்டகை, பெண்கள் அணிக்கு உபகரணம் போன்ற, ஊருக்கு நிலைக்கும் ஒன்றைத் திட்டமாக எழுதிக்கொண்டு போங்கள்.

வங்கி, தொலைபேசி நிறுவனங்களின் கிளை முகாமையாளர்கள் சின்னத் தொகையைத் தாங்களே தீர்மானிக்கலாம். பெரியதென்றால் கடிதம் கொழும்புக்குப் போய் வர வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்கூட்டிக் கொடுங்கள். இலங்கையில் வங்கிகளின் கணக்காண்டு டிசம்பரில் முடிகிறது. அடுத்த வருடச் சித்திரைப் போட்டிக்கு ஒக்டோபரிலேயே கடிதம் மேசையில் இருந்தால், வரவுசெலவுத் திட்டம் போடும்போது உங்கள் பெயரும் அங்கே இருக்கும்.

பெண்கள் அணி இருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஆண்கள் அணிக் கடிதத்தின் கடைசி வரியாகச் சேர்க்க வேண்டாம். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று நம் நாட்டுப் பெண்கள் ஆசியக் கிண்ணத்தை எடுத்தார்கள். அதைக் கண்ட முதலாளி வீட்டிலும் மகள்மார் இருக்கிறார்கள்.

யாரிடம் கேட்கக் கூடாது

சிகரெட், மதுசாரக் கம்பனிகளின் காசு நமக்கு வேண்டாம். இது சட்டம்: புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006 இன் 27ஆம் இலக்கம், அவற்றின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. நாம் 1996 இல் வென்ற உலகக் கிண்ணத்தின் பெயரே வில்ஸ் என்ற சிகரெட்டின் பெயர்தான். இன்று இலங்கையில் அப்படி ஒரு கிண்ணம் வைக்க முடியாது, முடியாமல் இருப்பது நல்லது. ஹோட்டல் பெனரிலும் கவனம் தேவை. ஹோட்டலின் பெயர் வரலாம். பியர்ப் போத்தல் படமோ பியரின் பெயரோ வரக்கூடாது. அச்சுக்குப் போகும் முன் வடிவமைப்பை நீங்கள் பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

சூதாட்டச் செயலிகள் வாட்ஸ்அப் வழியாகத் தேடி வரும். பெரிய தொகை சொல்லும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆட்ட நிர்ணயத்துக்கு எதிராக 2019 இல் நம் நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பந்தயக் காசு எங்கே வருகிறதோ அங்கே வீரர்களைத் தேடியும் ஆட்கள் வருவார்கள். பதினெட்டு வயதுப் பையனை அந்த வலைக்குப் பக்கத்தில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்று: ஜேர்சியில் என்ன பெயர் வரப் போகிறது என்று வீரர்களிடம் முன்பே சொல்லுங்கள். தென்னாபிரிக்க அணிக்குப் பியர் நிறுவனம் அனுசரணை தந்த காலத்தில் ஹாசிம் அம்லா தன் மார்க்கத்தின் காரணமாக அந்தச் சின்னத்தை அணியவில்லை. அவர்கள் கிரிக்கெட் சபையும் அதற்கு இடம் கொடுத்தது. வட்டிக் கடைப் பெயரை அணிய மனம் ஒப்பாத முஸ்லிம் தம்பி, இறைச்சிக் கடைப் பெயரை அணியத் தயங்கும் சைவப் பையன், இருவரும் நம் ஒரே அணியில் விளையாடுகிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக நிற்கும் ஊரில் இது முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

போய்க் கேட்பது

கடிதம் ஒரே பக்கம். கழகத்தின் பெயர், பதிவு இலக்கம், போட்டித் திகதிகள், மைதானம், பங்குபற்றும் அணிகள், நீங்கள் விற்கும் இடங்கள், விலை, தொடர்பு இலக்கம். கழகம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் அங்குள்ள விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்து முதலில் அதை முடியுங்கள். கழகப் பெயரில் வங்கிக் கணக்கும் இரண்டு பேர் கையொப்பமும் இருக்கட்டும். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடச் சொன்ன அந்தக் கணமே நம்பிக்கை போய்விடும்.

கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்திருங்கள். சிங்கள முதலாளியிடம் அவர் மொழியில் எழுதிய கடிதத்தை நீட்டும்போது முகம் மலர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடை திறந்ததும் போகாதீர்கள். முதல் வியாபாரம் நடக்கும் முன் காசுப் பேச்சு எடுப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம். காலை பத்தரைக்குப் பிறகு, அல்லது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு நல்லது. இரண்டு பேர் போங்கள். ஐந்து பேர் போனால் வசூலுக்கு வந்த கூட்டம் போலத் தெரியும். ஒருவர் வீரராக இருந்தால் சிறப்பு. "நானா, போன வருட இறுதிப் போட்டியில் உங்கள் கடைக்கு எதிரேதான் சனம் ஊர்வலமாகப் போனது" என்று அவருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வரும். இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லி, இறுதிப் போட்டிக்கு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்களுக்கு நீண்டகாலம் ஜேர்சி தந்த கடைக்காரர் முதல் வருடம் இல்லை என்று சொன்னவர்தான்.

எழுத்தில் வையுங்கள்

தெரிந்த ஆள், சொந்தக்காரர், பள்ளித் தோழர், யாராக இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். எவ்வளவு காசு, எப்போது, பெயர் எங்கே, எந்த அளவில், எத்தனை போட்டிக்கு, மழையால் தள்ளிப்போனால் என்ன, அதே தொழிலில் இன்னொரு கடையை எடுக்கலாமா கூடாதா.

கடைசிக் கேள்விதான் அதிகம் சண்டை கொண்டுவருவது. 1996 உலகக் கிண்ணத்தின் அதிகாரபூர்வப் பானம் கொக்கா கோலா. அந்த உரிமை கிடைக்காத பெப்சி, இதில் அதிகாரபூர்வம் என்று எதுவுமே இல்லை என்ற கருத்தில் விளம்பரம் செய்து, காசு கொடுத்தவரை விட அதிகம் பேசப்பட்டது. நம் அளவில் அது இப்படி நடக்கும்: ஜேர்சி ஒரு தொலைபேசிக் கடைக்கு, மைதான வாசல் பெனர் எதிர்க் கடைக்கு. இரண்டு முதலாளியும் ஒரே நாளில் மைதானம் வருவார்கள். எங்களுக்கு அது ஒருமுறை நடந்தது. ஜேர்சிக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார், அடுத்த வருடம் திரும்பவில்லை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதை எழுதிவிட்டால் இந்த வலி இல்லை.

காசில் பாதியைக் கையொப்பத்தோடு வாங்குங்கள், மீதியை முதல் போட்டிக்கு முன் வாங்குங்கள். ஒரு வருடம் ஒரு நிறுவனத்தின் பெயரை நம்பி ஜேர்சி அச்சடித்தோம். போட்டி முடிந்தது, காசு வரவில்லை. அச்சகக் கடனைப் பையன்களின் பெற்றோர் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கவலை இன்னும் எனக்குள் இருக்கிறது. பெரிய அணிகளுக்கும் அனுசரணையாளர் நடுவழியில் இல்லாமல் போகிறார். 2025 ஓகஸ்டில் இந்தியாவில் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் வந்தவுடன், இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜேர்சி அனுசரணையாளராக இருந்த ட்ரீம்11 விலகியது. செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் இந்திய அணி அனுசரணைப் பெயர் இல்லாத ஜேர்சியோடு ஆடியது. அப்புறம்தான் அப்பலோ டயர்ஸ் வந்தது. அவர்களுக்கு வரிசையில் ஆள் நிற்கும். நமக்கு நிற்காது. எனவே முற்பணம் வராமல் அச்சு இயந்திரத்தை ஓடவிடாதீர்கள்.

போட்டி நாட்கள்

கடையின் சின்னத்தை வாட்ஸ்அப்பில் வந்த படமாக வாங்கி அச்சடிக்க வேண்டாம், மங்கிப்போகும். அச்சகத்துக்கு வேண்டிய மூலக் கோப்பைக் கேளுங்கள். சனம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பெனர் கட்டுங்கள். மக்கெய்சர் அரங்கானாலும் ஏகாம்பரம் மைதானமானாலும், படிகளில் இருக்கிறவன் தன் காலடியில் உள்ள பெனரைப் பார்க்கமாட்டான், பந்துக்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்ப்பான். கைபேசியில் நேரலை போடுகிறீர்கள் என்றால் கமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்க இடத்துக்கு விலை கூட.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று பெனரைக் கிழிக்கும். மரச்சட்டத்தில் அடித்து, அரைவட்ட வெட்டுகள் போட்டுக் காற்றுக்கு வழி விடுங்கள். காலையிலும் இடைவேளையிலும் ஒருவர் சுற்றிவந்து அவிழ்ந்ததைக் கட்ட வேண்டும். வீதியில் பெனர் கட்ட உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. இரண்டும் கையில் இருக்கட்டும்.

வர்ணனையாளரிடம் அனுசரணையாளர் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள், சரியான உச்சரிப்போடு. ஆட்டத்தின் சூட்டில் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தால் சனம் எரிச்சல்படும். தொடக்கம், இடைவேளை, முடிவு, அவ்வளவு போதும்.

சனத்தை எண்ணுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஒரு படிவரிசையில் எத்தனை பேர் என்று எண்ணி வரிசைகளால் பெருக்கினால் கிட்டத்தட்டச் சரியான எண் வரும். முந்நூறு பேர் என்றால் முந்நூறு என்றே எழுதுங்கள். இரண்டாயிரம் என்று எழுதினால், அன்று அங்கே நின்ற முதலாளியின் மகன் சிரிப்பான்.

போட்டி முடிந்த பின்

கிண்ணத்தைக் கொடுத்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். செயலாளரின் முக்கியமான இரண்டு கிழமை அப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு அனுசரணையாளருக்கும் மூன்று நான்கு பக்க அறிக்கை கொடுங்கள்: அவரது பெனரும் ஜேர்சியும் தெரியும் படங்கள், எண்ணிய சனத்தொகை, முகநூல் நேரலையைப் பார்த்தவர் எண்ணிக்கை, பத்திரிகையில் வந்திருந்தால் அதன் நறுக்கு, வரவுசெலவுக் கணக்கு, பற்றுச்சீட்டு. வாக்குக் கொடுத்த ஏதாவது நடக்காமல் போயிருந்தால் அதையும் எழுதி, அதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். ஒருமுறை மழையால் இரண்டு போட்டி மூடிய மைதானத்தில் சனமில்லாமல் நடந்தது. நாங்களே போய்ச் சொல்லி, அடுத்த சிறுவர் போட்டியில் அந்தப் பெனர்களை இலவசமாகக் கட்டினோம். ஆறு பேரில் ஐந்து பேர் மறுவருடமும் வந்தார்கள்.

அணியின் படத்தைச் சட்டம் போட்டு, வீரர்கள் இருவர் கையால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலும் காசுப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் அது தொங்கும். அடுத்த வருடம் நீங்கள் கடிதத்தோடு போகும்போது, முதலாளி தலை உயர்த்தினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கடைசி வேலை கோப்பு. யார் எவ்வளவு தந்தார், எந்த மாதம் கேட்டது, எந்த மொழிக் கடிதம், யார் மூலம் அறிமுகம், எதில் மனவருத்தம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஒரு பிரதி தலைவரிடமும் ஒரு பிரதி பொருளாளரிடமும் இருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் வேறொருவர் செயலாளரானால், அன்று இரவே அவர் கையில் அதைக் கொடுத்து, முதல் மூன்று கடைக்கு நீங்களும் கூடப் போங்கள்.